அவளுக்கு எழுபது, எனக்கு முப்பத்தைந்து

எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, ஒரே நோய். இளம்பிள்ளை வாதம் எனக்கு வலது காலில் வந்தது, அவளுக்கு இடது காலில். ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது டீச்சர் எங்கள் இருவரையும் வாசலை ஒட்டிய பெஞ்சில் உட்காரவைத்தார். எழுந்து போக வர வசதியாக இருக்கும் என்றார். நான் விருத்தாசலத்திலேயே இருந்தவள். அவள் நல்லூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்தாள். முதல் வாரத்திலேயே பின்பெஞ்சுக்காரி ஒருத்தி, "ரெண்டு பேரையும் சேத்தா ஒரு முழு ஆளு"ன்னு சொன்னாள். எனக்கு முகம் சுண்டிப்போனது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சாப்பாட்டு மணி அடித்தபோது, கேலி செய்தவளே அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புளியோதரையைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தாள். என் வயிற்றெரிச்சல் அன்றைக்குத் தொடங்கியது. எனக்கு இப்போது நாற்பத்தைந்து வயது. அது இன்னும் அணையவில்லை.

படிப்பில் அவள் முன்னால். கையெழுத்து அச்சுக் கோத்தது மாதிரி இருக்கும். பேச்சு, தலைமுடி, நிறம் எல்லாவற்றிலும் அவள்தான். எனக்கு முன்பே அவளுக்குக் கல்யாணம் ஆனது. தையல் கடை வைத்திருந்த மாப்பிள்ளை அவளைத் தேடி வந்து கட்டிக்கொண்டார். எனக்கு முன்பே பெண் பிறந்தாள். கடனுதவி வாங்கி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை போட்டாள். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் கேட்டு இருவரும் ஒரே நாளில் மனு கொடுத்தோம். அவளுக்கு வந்தது. எனக்கு அடுத்த முறை பார்க்கலாம் என்றார்கள். வந்த அன்றே அந்த ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு, நான் வேலை செய்யும் தொழிற்பேட்டைக் கம்பெனி வாசலுக்கு வந்து ஹாரன் அடித்தாள். நான் பீங்கான் பொம்மைகளுக்குப் பிசிறு எடுக்கிறவள். அச்சிலிருந்து வரும், இன்னும் சுடாத பச்சைப் பொம்மையின் ஓரத்தில் கோடு மாதிரி களிமண் துருத்திக்கொண்டிருக்கும். அதைக் கத்தியால் சீவி, ஈரப்பஞ்சால் துடைத்து, சூளைக்குப் போகிற பலகையில் அடுக்க வேண்டும். உட்கார்ந்தே செய்யலாம். வெளியே போய், "நல்லா இருக்குதுடி"ன்னு சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கு நான் சீவிய யானைகளில் மூன்றுக்குத் துதிக்கை போனது.

ஒன்றே ஒன்றில் மட்டும் நான் அவளைவிட மேல். அது நடை. அவள் இடது தொடையில் கையை ஊன்றி, ஒவ்வொரு அடிக்கும் குனிந்து நிமிர்ந்து நடப்பாள். நான் சின்ன வயதிலிருந்தே கேலிப்பர் போட்டுப் பழகியவள். இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, தொடையிலும் முட்டியிலும் தோல்வார், கீழே கனத்த ஷூ. அதை இறுக்கிக் கட்டிக்கொண்டு புடவையைத் தாழ்த்திக் கட்டினால் கையை ஊன்றாமல் நடந்துவிடுவேன். "எம் பொண்ணு நடந்தா, கால்ல கொறையிருக்குதுன்னே தெரியாது" என்று அம்மா பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்வாள். எத்தனையோ வருஷம் அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அவள் முன்னால் நிமிர்ந்து நின்றேன். வீட்டுக்குள் கேலிப்பரைக் கழற்றிய பிறகு நான் நடப்பது அவள் நடையைவிட மோசம் என்று என் வீட்டு ஆட்களுக்கு மட்டும்தான் தெரியும்.

பழைய காகிதச் சான்றிதழுக்குப் பதிலாகப் புது அடையாள அட்டை தருகிறார்கள், எல்லாரும் மறுபடி டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. பள்ளிக்கூடம் ஒன்றில் முகாம் போட்டிருந்தார்கள். போய்ச் சேர்ந்தபோது வரிசை வெளிக்கேட்டைத் தாண்டியிருந்தது. எனக்கு நாலு பேருக்கு முன்னால் அவள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வரிசைக்காரர்களே கொடுத்த நாற்காலி. பக்கத்தில் அவள் பெண் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"ஏய், கேலிப்பர கழட்டிட்டு உள்ள போடி" என்றாள்.

"எதுக்கு?"

"கால் எப்பிடி இருக்குதோ அப்பிடியே காட்டணும். இன்னா கஷ்டமோ எல்லாத்தையும் வாய்விட்டு சொல்லு. ஒண்ணையும் மறைக்காத. கொறைச்சி எழுதிட்டாங்கன்னா அப்புறம் அலையணும்."

"எனக்குத் தெரியும்" என்றேன்.

நல்ல யோசனைதான். அதை அவள் சொன்னாள் என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. எட்டாம் வகுப்பில் எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த அதே குரல். வரிசையில் இருந்த பத்துப் பேரும் அவள் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினார்கள். அவள் முறை வந்தது. மகள் தோளைப் பிடித்துக்கொண்டு, மறுகையைத் தொடையில் ஊன்றி, மெதுவாகப் போனாள். எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு பெரியம்மா "ஐயோ பாவம்" என்றாள். அந்த "ஐயோ பாவம்" கூட எனக்குக் கசந்தது.

வெளியே வந்தவள் போகவில்லை. எனக்காகக் கதவுக்குப் பக்கத்தில் காத்திருந்தாள். அவள் பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரியும். தோல்வாரை இன்னும் ஒரு ஓட்டை இறுக்கினேன். முதுகை நிமிர்த்தினேன். கதவிலிருந்து டாக்டர் மேசை வரைக்கும் தொடையைத் தொடாமல் நடந்தேன். அப்படி ஒரு நடை என் கல்யாணத்தன்றுகூட நான் நடக்கவில்லை.

"கேலிப்பர் போட்டிருக்கீங்களா?" என்றார் டாக்டர்.

"பழக்கத்துக்குப் போட்டிருக்கேன் சார்."

"அது இல்லாம நடப்பீங்களா?"

"நடப்பேன் சார்."

"படி ஏறுவீங்களா?"

"ஏறுவேன் சார்."

கதவு திறந்திருந்தது. ஒவ்வொரு பதிலையும் வெளியே கேட்கிற மாதிரிதான் சொன்னேன். நான் சொன்னதைத்தான் அவர் எழுதிக்கொண்டார். வெளியே வந்தபோது அவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அட்டை வந்தபோது அதில் முப்பத்தைந்து விழுக்காடு என்று இருந்தது. பழைய சான்றிதழில் அறுபது. அதன் அர்த்தம் எனக்கு உறைக்கவில்லை. மூன்று மாதம் கழித்து, வீட்டுக்கு வந்து உதவித்தொகை கொடுக்கிற வங்கிப் பெண் கைரேகை மெஷினில் என் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, ஒங்களுக்கு நின்னுபோச்சுக்கா" என்றாள். மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு தாலுகா ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த பையன் பொறுமையானவன். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"நாப்பதுக்குக் கீழ இருந்தா கெடையாதும்மா. ஒங்களுது முப்பத்தஞ்சி. ஆர்டர் போட்டு நிறுத்திட்டாங்க."

"எனக்கு முன்ன அறுபது தம்பி. கால் அப்பிடியேதான இருக்குது?"

"மேல்முறையீடு பண்ணலாம்மா. சப் கலெக்டர் ஆபீஸ்ல குடுங்க. முப்பது நாளுக்குள்ள குடுத்துடுங்க."

அந்தத் தொகை பெரிதில்லை. ஆனால் அது என் பெயரில் வந்தது. கேலிப்பர் வார் அறுந்தால் மாற்றவும், ஷூ தேய்ந்தால் புதிதாகத் தைக்கவும் யாரிடமும் கேட்க வேண்டாம். அது நின்றதைவிட எனக்கு வலித்தது வேறு ஒன்று. அவளுக்கு நிற்கவில்லை. அவள் அட்டையில் எழுபது என்று போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் கொடுக்கும்போது எட்டிப் பார்ப்பேனே, அதே மாதிரிதான் இருந்தது. அவளுக்கு எழுபது, எனக்கு முப்பத்தைந்து. அதில் சரிபாதி.

நடிச்சுத்தான் வாங்கினாள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். நடித்தது யார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தே அப்படிச் சொல்லிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் எங்கள் கம்பெனியிலேயே சூளை பார்க்கிறவர். அதிகம் பேசமாட்டார். ராத்திரிச் சாப்பாட்டின்போது கேட்டார்.

"கேம்ப்ல இன்னா சொன்ன?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னேன்."

"ஒன் கூட்டாளியப் போயி பாரேன். வெவரம் தெரிஞ்ச பொண்ணு. ஊருல பாதிப் பேருக்கு மனு எழுதிக் குடுக்குறா."

ரசத்தை அவர் முன்னால் நகர்த்திவிட்டு எழுந்துபோனேன். வெவரம் தெரிஞ்ச பொண்ணாம். அப்புறம் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவருக்குக் காரணமும் புரியவில்லை.

அவளிடம் போகாமல், கோர்ட்டுக்கு எதிரே டைப் அடித்துக் கொடுக்கிறவரிடம் போனேன். விஷயத்தைச் சொன்னேன். முகாமில் நான் நடந்த நடையைச் சொல்லவில்லை. கூட்டத்தில் சரியாகப் பார்க்கவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் கடகடவென்று அடித்துவிட்டு, "வேற எதுனா சேக்கணுமா?" என்றார்.

"என்னவிட நல்லா இருக்குறவங்களுக்கு எல்லாம் குடுத்துக்கினு இருக்காங்கன்னு போடுங்க."

அதை அவர் ஆபீஸ் தமிழில் மாற்றினார். 'என்னைவிடக் குறைந்த பாதிப்பு உடையோர் தொடர்ந்து உதவித்தொகை பெற்றுவருவதைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவருகிறேன்.' இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். இனிப்பு சாப்பிட்ட மாதிரி இருந்தது. மனுவுக்கு நகல் எடுக்க வேண்டும். அவள் கடை ஐந்து நிமிஷ நடையில் இருந்தது. நான் ஆட்டோ பிடித்து ஜங்ஷனுக்குப் போய், அங்கே ஒரு கடையில் எடுத்துக்கொண்டு வந்தேன்.

விசாரணைக்குக் கூப்பிட ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அன்றைக்குக் கேலிப்பர் போடுவதா வேண்டாமா என்று காலையிலிருந்து குழம்பினேன். போட்டால் நடக்கத் தெரிகிறதே என்பார்கள். போடாமல் பஸ் ஏற முடியாது. கடைசியில் போட்டுக்கொண்டு, கையில் ஒரு தடியும் எடுத்துக்கொண்டேன். தடி என் பக்கத்து வீட்டுக்காரருடையது. எனக்கு அதைப் பிடிக்கவே தெரியவில்லை.

அதிகாரி என்னைவிடச் சின்ன வயதுப் பெண். உட்காரச் சொன்னார். என் மனுவையும் முகாம் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"கேலிப்பர் இல்லாம நடப்பேன், படி ஏறுவேன்னு நீங்களே சொன்னதா எழுதியிருக்காங்களேம்மா. சொன்னீங்களா?"

"சொன்னேன் மேடம்."

"இப்ப தடியோட வந்திருக்கீங்க. எது நெஜம்?"

தடியை மடியில் கிடத்திக்கொண்டேன். அவர் மனுவின் கடைசிக்குப் போனார். அந்த வரியில் விரலை வைத்தார்.

"உங்களைவிடப் பாதிப்பு கம்மியா இருக்கிறவங்க வாங்குறாங்கன்னு போட்டிருக்கீங்க. யாரும்மா அது? பேரு சொன்னா விசாரிக்கச் சொல்றேன்."

கோபமாகக் கேட்கவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, எழுதுவதற்காகத்தான் கேட்டார். அவள் பெயர் என் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. இனிஷியலோடு, அவள் வீட்டுத் தெருவோடு வந்து நின்றது. சொல்லிவிட்டால் அவள் ஸ்கூட்டரில் அலைவாள், அவள் கடை மூடிக் கிடக்கும், அவள் வரிசையில் நிற்பாள் என்றெல்லாம் ஒரு நொடியில் ஓடியது. அப்படி ஓடியது எனக்கு நன்றாகவும் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

நான் சொல்லவில்லை. நல்ல மனசினால் இல்லை. சொன்னால் அவளைக் கூப்பிடுவார்கள். அவள் வந்து நிற்பாள். அன்றைக்கு முகாமில் என்னிடம் என்ன சொன்னாள் என்று கேட்பார்கள். அதற்குப் பயந்தேன்.

"யாரும் இல்லீங்க மேடம். அது டைப் அடிச்சவரு போட்டது" என்றேன். அந்தப் பொய்யைச் சொன்ன பிறகு, இன்னொன்றைச் சொல்ல வாய் கூசியது. அதனால் நிஜம் வந்துவிட்டது. "கேம்ப்புல என்கூடப் படிச்சவ ஒருத்தி நின்னுக்கினு இருந்தா மேடம். அவளுக்கும் கால் சரியில்ல. அவ முன்னாடி நான் நல்லா நடக்கணும்னு நெனச்சேன். அதான் அப்பிடி நடந்தேன். அப்பிடியே சொல்லிட்டேன்."

பக்கத்தில் நின்ற கிளார்க் சிரிப்பை அடக்கினார். அதிகாரி சிரிக்கவில்லை.

"தடிய வச்சிட்டு நீங்க வீட்ல நடக்கிற மாதிரி நடந்து காட்டுங்கம்மா. வேணாம்னா விட்டுடுங்க."

கிளார்க்கை வெளியே போகச் சொன்னார். நான் கேலிப்பரைக் கழற்றினேன். வலது தொடையில் கையை ஊன்றி, குனிந்து, காலை இழுத்து, மேசைக்கும் ஜன்னலுக்கும் இடையே போய் வந்தேன். நாலு அடி. என் வீட்டு ஆட்களைத் தவிர அதைப் பார்த்த முதல் ஆள் அவர். திரும்பி வந்தபோது நாற்காலியை இழுத்து எனக்குக் கிட்டே போட்டிருந்தார்.

"இதை நான் தீர்மானிக்க முடியாதும்மா, டாக்டருங்கதான் பாக்கணும். கடலூர்ல போர்டுக்கு அனுப்புறேன். அங்க இப்ப எனக்கு நடந்து காட்டுன மாதிரியே காட்டணும்."

போர்டுக்குப் போகச் சொல்லும் கடிதம் வீட்டுக்கு வந்தது. அதை என் வீட்டுக்காரர் என்னிடம் கேட்காமல் எல்லாக் காகிதங்களோடும் சேர்த்து எடுத்துப்போய், நகல் எடுத்துவிட்டு வந்தார். எங்கே எடுத்தீங்க என்றேன். "பஸ் ஸ்டாண்டு பக்கத்துலதான்" என்றார். என் மனுவும் அதில் இருந்தது. அவள் கையில் போகிற காகிதத்தை அவள் படிக்காமல் விடுவாளா?

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி வாசலில் ஹாரன் கேட்டது. வண்டியிலிருந்து அவள் இறங்கவில்லை.

"மூணு மாசமா என்கிட்ட ஒரு வார்த்த சொன்னியாடி நீ?"

"எதுக்கு சொல்லணும்?"

"அன்னிக்கே தலையால அடிச்சிக்கினேன், கழட்டிட்டுப் போன்னு. ராணி கணக்கா நடந்துபோன. எனக்கு அப்பவே தெரியும், இதுல போயித்தான் முடியும்னு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "கடலூருக்கு யாரு வராங்க?"

"அவரு வரமுடியாது. அன்னிக்கு சூள வேவுது."

"நான் வரேன்."

"வேணாம்."

"வேணாம்னா? அங்க எந்தக் கட்டடம், எத்தினி படின்னு தெரியுமா ஒனக்கு? காலம்பற ஆறு மணி பஸ்ஸு. ஸ்டாண்டுல நில்லு."

பதிலுக்குக் காத்திராமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். அந்த வரியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

பஸ்ஸில் மாற்றுத்திறனாளிகள் சீட்டில் ஜன்னலோரத்தை அவள் எனக்கு விட்டாள். அதிலும் அவளுக்குத்தான் நல்ல பெயர். கண்டக்டர் அவளைப் பார்த்துத்தான் வணக்கம் சொன்னார். வடலூர் தாண்டியபோது அவளே தொடங்கினாள்.

"அந்தக் கடேசி வரிய படிச்சேன்."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பேர எழுதலியே, ஏன்?"

"எழுதல."

"எழுதியிருந்தாலும் எனக்கு ஒண்ணும் ஆயிருக்காது. என்னுது சரியான எழுவது. நீ என் கால என்னிக்காவது பாத்திருக்கியாடி?"

யோசித்துப் பார்த்தேன். பார்த்ததில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் பழக்கம். பாவாடையில், தாவணியில், புடவையில்தான் அவளைப் பார்த்திருக்கிறேன். அவளும் என்னை அப்படித்தான் பார்த்திருப்பாள்.

ஆஸ்பத்திரியில் பெண்கள் காத்திருக்கிற அறையில் எங்களைத் தவிர ஒரு கைக்குழந்தைக்காரிதான் இருந்தாள். என்னோடு வந்தவள் சுவரை ஒட்டி உட்கார்ந்து புடவையை முட்டி வரைக்கும் தூக்கினாள். இடது முட்டி பின்பக்கமாக வளைந்திருந்தது. அது எதிர்பார்த்ததுதான். வலது பக்கம் புடவையை இன்னும் மேலே தூக்கிக் காட்டினாள். அவளுடைய நல்ல கால். இடுப்பிலிருந்து தொடை வரைக்கும் நீளமாகத் தையல் தழும்பு.

"உள்ள ராடு வச்சிருக்காங்க. ரெண்டு வருஷம் முன்னாடி பாத்ரூம்ல வழுக்கிட்டேன். இந்தக் காலும் இப்ப பாதிதான்."

"என்கிட்ட சொல்லவே இல்லியே?"

"யாருகிட்டயும் சொல்லல. டைபாய்டுன்னு சொல்லி வச்சேன். கடைக்கு ஆளு வரமாட்டாங்கன்னு பயம்."

எனக்கு அந்த நாட்கள் நன்றாக நினைவில் இருந்தன. அவள் கடை இரண்டு மாதம் மூடிக் கிடந்தது. கம்பெனிக்குப் போகும்போதெல்லாம் பஸ்ஸிலிருந்து அந்த இறங்கிய ஷட்டரைப் பார்ப்பேன். அந்த இரண்டு மாதமும் நான் சந்தோஷமாக இருந்தேன். ஒரு நாள்கூடப் போய் எட்டிப் பார்க்கவில்லை. அந்த அறையில் அதை நினைத்தபோது உடம்பு கூனிக்குறுகியது. அதே நேரத்தில், இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு முனகல் இல்லாமல் மறைத்து வைத்திருந்தாளே, நான் கேலிப்பரை மறைத்ததெல்லாம் எந்த மூலைக்கு என்று ஒரு எரிச்சலும் வந்தது. மறைப்பதில்தான் நான் கெட்டிக்காரி என்று இருந்தேன். அதிலும் அவள் முந்திவிட்டாள்.

"புடவைய எறக்குடி, ஆளு வராங்க" என்று மட்டும் சொன்னேன்.

உள்ளே மூன்று டாக்டர்கள். அவளை வெளியே இருக்கச் சொன்னார்கள். நான் கேலிப்பரைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் படுத்தேன். டேப் வைத்து இரண்டு காலையும் அளந்தார்கள். பெண் டாக்டர் ஒருவர் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, "வலது காலை மேல தூக்குங்கம்மா" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு இடுப்பை எக்கினேன். கால் கட்டிலை விட்டு எழவில்லை. மறுபடி எக்கினேன்.

"ஏம்மா இப்படி முட்டி மோதுறீங்க? முடியலன்னா முடியலன்னு சொல்லுங்க."

"முடியல டாக்டர்" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் போயிருக்கிறேன்.

படி இறங்கும்போது அவள் முன்னால், நான் பின்னால். இருவரும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கினோம். எனக்குப் பின்னால் வந்தவர்கள் பொறுமையாக நின்றார்கள். யார் நன்றாக இறங்குகிறோம் என்று நான் பார்க்கவில்லை என்று எழுத ஆசைதான். பார்த்தேன். நான்தான் கொஞ்சம் நன்றாக இறங்கினேன்.

முடிவு வர மூன்று வாரம் ஆனது. அவள் கடைக் கம்ப்யூட்டரில்தான் பார்த்தோம். எண்ணைப் போட்டுவிட்டுக் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "அறுவதுடி!" என்று கத்தினாள். அட்டைக்கு வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சந்தோஷம்தான் வந்தது. அதன் அடியில், ஒரு பத்து குறைகிறதே என்று ஒரு முள்ளும் இருந்தது. ராடு வைத்த அவள் தொடையைப் பார்த்த பிறகும் அந்த முள் இருந்தது. அதற்கு நான் என்ன செய்ய?

உதவித்தொகையை மீண்டும் வழங்கச் சொல்லி அடுத்த மாதம் உத்தரவு வந்தது. நிறுத்தினது தவறு என்று அதில் எழுதவில்லை. என் மேல் தவறு என்றும் எழுதவில்லை. மேல்முறையீடு ஏற்கப்பட்டது, அவ்வளவுதான். வங்கிப் பெண் மெஷினோடு வந்து, "வந்துட்டுதுக்கா" என்றாள். என் வீட்டுக்காரர் ஜங்ஷன் கடையிலிருந்து அல்வா வாங்கி வந்து, அதில் பாதியை ஒரு பொட்டலமாகக் கட்டி, "இத அந்தப் பொண்ணுகிட்ட குடுத்துட்டு வா" என்றார். இந்த முறை நான் எழுந்துபோகவில்லை. வாங்கிக்கொண்டேன்.

போனபோது கடையில் கூட்டம். "அக்கா, இது எங்க கையெழுத்து?", "அக்கா, எனக்கு ரெண்டு காப்பி" என்று நாலு பக்கமும் அக்கா அக்காதான். அவளுக்கு நிமிரக்கூட நேரமில்லை. பொட்டலத்தை வாங்கி டிராயரில் போட்டாள். ஸ்டூலைக் காட்டி, "ஒக்காரு, தோ வரேன்" என்றாள். அப்போது எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிற மங்களூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். ஒரு கை சூம்பியிருந்தது. அவளுக்கும் புது அட்டையில் குறைத்துப் போட்டுவிட்டார்களாம், பணம் நின்றுவிட்டதாம்.

"இவளக் கேளு. போயி ஜெயிச்சிட்டு வந்தவ" என்று என்னைக் காட்டினாள் அவள்.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். என்னை அக்கா என்றாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, மனு எங்கே கொடுப்பது, விசாரணையில் என்ன கேட்பார்கள், போர்டில் எப்படிக் காட்ட வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். எதையும் மறைக்காதே, முடியாததை முடியாது என்று சொல் என்றேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். முடிந்ததும் கவுண்ட்டர் பக்கம் எட்டிப் பார்த்து, "ஏங்க்கா, இவங்க சொல்றது சரிதானே?" என்று அவளைக் கேட்டாள்.

எனக்கு எரிந்தது. மெஷினிலிருந்து தாள் எடுத்துக்கொண்டிருந்தவள், என்னைப் பார்க்காமலே, "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டு என் பக்கம் திருப்பினேன். முதலிலிருந்து மறுபடி சொன்னேன், இன்னும் கொஞ்சம் சத்தமாக.